சென்ற ஆண்டுப் பத்தி

கணக்கு விதி ஒன்றைப் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். இதை என் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் தகனத்தின்போது விறகு ரசீதில் எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் என்று உறவுக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது பொய்யுமில்லை. அப்படிப்பட்டவன், சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில், இரவல் கோட்டு அக்குளைப் பிடிக்க, சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள் பற்றிய கருத்தரங்கில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த திருச்சிக்காரர் பார்க்காதபடி கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"ஏசி ஒத்துக்கலையா சார்?"

"ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது மறுபடியும் புது விதி வரப்போகிறதாம். லாப நட்டக் கணக்கையே வேறு வரிசையில் எழுத வேண்டுமாம். கருத்தரங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது, மதிய உணவு உண்டு என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் போவதாக இல்லை. அழைப்பைப் பார்த்ததும் பழைய விதியும், அதை நான் திருத்துறைப்பூண்டிக்குக் கொண்டுவந்து சேர்த்த அழகும்தான் நினைவுக்கு வந்தன.

நான் திருத்துறைப்பூண்டியில் ஆடிட்டர். உரக்கடை, நெல் அரவை மில், கல்யாண மண்டபம், இரண்டு கட்சிகளிலும் ஆள் வைத்திருக்கிற பெட்ரோல் பங்க், இவைதான் என் வாடிக்கை. சர்வதேச விதிகள் இந்தியாவுக்கு வரப்போகின்றன, வரப்போகின்றன என்று மேட்டூர்த் தண்ணீர் மாதிரி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரட்டும், கடைமடைக்கு வந்து சேரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். ஆனால் என் வாடிக்கையில் ஒரு மில், துபாயில் உள்ள ஓர் அரிசி வியாபாரக் கம்பெனிக்குப் பங்கு விற்றது. வருகிற ஏப்ரல் முதல் கணக்கு சர்வதேச விதிப்படி இருக்க வேண்டும் என்பது துபாய்க்காரரின் நிபந்தனை. அதற்காகத்தான் நான் கோட்டு இரவல் வாங்கியது.

என்னை அழவைத்த விதி இதுதான். ஒரு கம்பெனி, தன் முதலாளிக்கு நெருங்கியவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தால், அதை ஆண்டறிக்கையில் ஊரறிய எழுத வேண்டும். அம்மாவுக்கு வாடகை, தம்பிக்கு லாரி காண்ட்ராக்ட், எல்லாம். இது நம் பழைய விதியிலும் உண்டு. ஆனால் பழைய விதி, நெருங்கியவர் யார் யார் என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி வரிசையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது: மனைவி, மகன், மகள், உடன்பிறந்தார், தாய், தகப்பன். புதிய விதி அங்கே நிற்கவில்லை. மனைவி, அல்லது ஒருவரோடு இல்லத்தில் துணையாக வாழ்கிறவர் என்று போட்டிருந்தது. தாலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மண்டபம் எது, புரோகிதர் யார், மாலை மாற்றி வைத்த தலைவர் யார் என்று கேட்கவில்லை. லண்டனில் யாரோ ஒரு கமிட்டி உட்கார்ந்து, திருத்துறைப்பூண்டி மில்லின் பின்புறம் குடியிருக்கிற ஓர் அம்மாளைப் பற்றி யோசித்திருக்கிறது. நான் கர்சீப்பை எடுத்தது அப்போதுதான்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்வதற்கு முன் முதலாளியைச் சொல்லிவிட வேண்டும். மிராசுதார் வம்சம். மிராசு போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஊர் மட்டும் இன்னும் மிராசுதார் என்றுதான் சொன்னது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது போல அந்தப் பட்டம் அவர் குடும்பத்தில் தங்கிவிட்டது. அவர் பீரோவில் இரண்டு கட்சிக் கரை வேட்டியும் இருக்கும். ஓட்டு எண்ணிக்கை டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதை இஸ்திரி போட வேண்டும் என்று உள்ளே குரல் கொடுப்பார். கடைத்தெருவை ஒட்டி ஒரு வீடு. அதில் அவரும், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும். மில்லுக்குப் பின்னால், நெல் காயப்போடுகிற களமும் குடோனும் உள்ள இடத்தில் இன்னொரு வீடு. சாயங்காலம் அங்கே போய்ப் பலகாரம் சாப்பிட்டு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, செய்தி முடிந்ததும் முதல் வீட்டுக்குத் திரும்புவார். முப்பது வருடமாக இப்படி. யாரும் இதை ரகசியம் என்று நினைக்கவில்லை. டவுன் பஸ் போகிற நேரம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அந்த இரண்டாம் வீட்டில் இருந்தவரை டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். டீச்சர் இல்லை. சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் அமைப்பாளராகச் சேர்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டு, ஓய்வும் பெற்றுவிட்டவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மிராசுதார். அதற்கப்புறம் நடந்ததையும் அவரேதான் நடத்தினார். அக்கா என்றால் முதலாளி நமக்கு அத்தான் ஆகிவிடுவார், அம்மா என்றால் பெரிய வீட்டில் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் மில் முழுக்க அவரை டீச்சர் என்றது.

களமும் குடோனும் அதை ஒட்டிய வயலும் டீச்சர் பெயரில் இருந்தன. அன்பளிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மிராசுதாரின் அப்பா இறந்து பாகம் பிரிந்தபோது, நில உச்சவரம்புக்கு மேலே கொஞ்சம் நிலம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான், மிச்சம் சர்க்காருக்கு என்பது சட்டம். குடும்பம் என்றால் யார்? புருஷன், பெண்டாட்டி, மைனர் பிள்ளைகள். டீச்சர் இதில் யாருமில்லை. யாருமில்லை என்பதுதான் அவருடைய தகுதி. நிலம் அவர் பெயருக்குப் போனது, பிறகு மில் அவரிடமிருந்தே களத்தையும் குடோனையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

ஒரு வருடம் செங்கொடிக்காரர்கள் ஊர்வலமாக வந்து, இது பினாமி நிலம், பிடுங்கிக் கூலிக்காரனுக்குக் கொடு என்று வரப்பில் கொடி நட்டார்கள். அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. அதனாலேயே நிரூபிக்க முடியவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி டீச்சரைக் கூப்பிட்டு, "மிராசுதாருக்கும் உங்களுக்கும் என்னம்மா உறவு?" என்று கேட்டார். சுற்றிலும் ஊரே நின்றது. "ஒரு உறவும் இல்லீங்க" என்றார் டீச்சர். நிலம் நின்றது.

சென்னையிலிருந்து வந்ததும் நான் முதலில் முதலாளியிடம்தான் போயிருக்க வேண்டும். நல்ல செய்தியை உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஏதோ ஒரு பாழாய்ப்போன பண்பாடு எனக்குள் புகுந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக மில்லின் பின்புறத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனது. டீச்சர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், லண்டன்ல ஒரு விதி போட்டிருக்காங்க."

"அரிசிக்கா?"

"உங்களுக்கு."

விளக்கிச் சொன்னேன். கையில் முறத்தோடு கேட்டார்.

"என்னான்னு எழுதுவாங்க சார்?"

"இல்லத் துணைன்னு."

"அப்படின்னா? வூட்டு வேலைக்கு வச்சிருக்குற ஆளா?"

"ஐயையோ, இல்ல. சம்சாரத்துக்குச் சமானம்னு அர்த்தம்."

டீச்சர் அரிவாள்மணையைச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

"பெரியம்மா பேரும் அதுல வருமா?"

"அதே பக்கத்துல. அவங்க மேல, நீங்க கீழ."

"கீழயே இருக்கட்டும், அதுக்கென்ன. அதே பக்கந்தானே?"

"அதே பக்கந்தான்."

"கையால எழுதுறதா, அச்சா?"

"அச்சு டீச்சர். புஸ்தகமாப் போடுவாங்க."

"எனக்கு ஒரு புஸ்தகம் குடுப்பீங்களா?"

"ஒண்ணென்ன, எத்தனை வேணும்னாலும்" என்று நான் ஏதோ என் சொந்தப் பத்தாயத்திலிருந்து அளந்து போடுகிற மாதிரி சொன்னேன். அந்த வீட்டில் எனக்கு வழக்கமாக டீ. அன்று காபி வந்தது. டம்ளரை வைத்துவிட்டு, "உறவு இல்லன்னு அன்னிக்கு என் வாயாலதான் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் வந்தாரு, இடியாப்பம் தின்னாரு, 'நல்லாச் சொன்னே'ன்னாரு. கைய அலம்பிட்டு நியூஸ் பாத்தாரு" என்றார். பிறகு, "இப்ப எவனோ ஒரு வெள்ளக்காரன் இருக்குங்கிறானா!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்றே நானும் வைத்துக்கொண்டேன். கருத்தரங்கில் எனக்கு ஏசி இல்லையா, அது மாதிரி.

மறுநாள் முதலாளியைப் பார்த்தேன்.

"ஐயா, ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயத்துக்கு நீ ரெண்டு நாளு மெட்ராஸ் போவ மாட்டியே. சொல்லு."

சொன்னேன். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். "ஏன்யா, அவனுக்கு வேற பொழப்பே கெடையாதா? லண்டன்லேர்ந்து நம்ம டீச்சரு அடுப்பங்கரை வரைக்கும் வந்துட்டானா?" மேனேஜரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லச் சொன்னார். மேனேஜர் முதலாளி எவ்வளவு சிரிக்கிறார் என்று பார்த்து அதில் முக்கால் பாகம் சிரித்தார். பிறகு முதலாளி சட்டென்று நிறுத்தினார். மேனேஜருக்கு அவ்வளவு சட்டென்று நிறுத்த வரவில்லை.

"எழுதுனா என்னாவும்?"

"ஒண்ணும் ஆகாது ஐயா. வாடகை இவ்வளவு, வாங்குனவங்க உங்க குடும்பத்துல ஒருத்தர்னு ஒரு வரி."

"யோவ், அவ குடும்பம் இல்லன்னு சர்க்காருக்குச் சொல்லித்தான்யா அந்த நெலமே நிக்கிது! நீ குடும்பம்னு அச்சடிச்சு வச்சா, எவனாவது கொடி புடிக்கிறவன் அதைத் தூக்கிட்டு தாசில்தார்ட்ட போவ மாட்டானா? போன நெலத்தை ஒங்கப்பனா வாங்கித் தருவான்?"

எனக்கு இது தோன்றவே இல்லை. நட்சத்திர ஹோட்டலில் உச்சவரம்பு ஞாபகத்துக்கு வராது.

"எப்பலேர்ந்து எழுதணும்?"

"வர்ற ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கிற வருஷத்துக்கு."

"அதுக்குள்ள முடிச்சுட்டா?"

"எதை ஐயா?"

"எல்லாத்தையுந்தான். வாடகை, நான் அங்க போறது வர்றது, எல்லாம். மார்ச்சோட முடிச்சுட்டா?"

"அப்ப எழுத வேண்டியதில்ல" என்றேன். இதில் கேவலம் என்னவென்றால், அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேள்விக்குச் சரியான விடை தெரிந்த பையனின் சந்தோஷம். விடை சரியுமில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த மாசியில் முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். மில் ஆட்கள், லாரிக்காரர்கள், இரண்டு கட்சி வட்டச் செயலாளர்கள், எல்லோருக்கும் பஸ் பிடித்திருந்தார்கள். டீச்சருக்கும் பஸ்ஸில் இடம் உண்டு. சமையலை மேற்பார்வை பார்க்க. ஊருக்கே சமைத்த கை, இவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று பெரியம்மாவே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள், போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டீச்சர் போனார்.

மண்டபத்தில் நாயனம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது முதலாளி மாலையும் கழுத்துமாக என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மேனேஜர் ஒரு பத்திரத்தை என் கையில் திணித்தார். நிலத்தை மேனேஜர் பெயருக்கு எழுதித் தருவதாக ஒப்பந்தம்.

"கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்றார் முதலாளி. "நீதானே ஆரம்பிச்சே."

டீச்சர் அண்டாவுக்கு முன்னால் நின்றார். புகையில் முகம் பளபளத்தது. வெளியே கெட்டிமேளம்.

"தாலி கட்டுறாங்களா சார்?"

"ஆமா டீச்சர்."

"அப்ப பாயசத்தை எறக்கிடலாம்" என்று ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு பத்திரத்தைப் பார்த்தார். "இது என்னது?"

சொன்னேன். மென்று முழுங்கித்தான் சொன்னேன்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டா புஸ்தகத்துல அந்த வரி வருமா?"

"நெலம் இல்லன்னா வாடகை இல்ல. வாடகை இல்லன்னா... வரி இல்ல டீச்சர்."

"அப்ப நான் போடல."

"டீச்சர், ஐயா வெளியில..."

"வரி வந்த மறுநாளு எடுத்துட்டு வாங்க, எங்க சொன்னாலும் போடுறேன். நெலத்தை வச்சுக்கிட்டு நான் என்ன நாத்து நடவா போறேன்? மொதல்ல வரி." கரண்டியை அண்டாவில் தட்டினார். "பந்தி போடச் சொல்லுங்க, ஆறிடும்."

முதல் பந்தியில் மணமக்களோடு நானும் உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது. பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் பார்த்து, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "டீச்சரம்மா! உப்பு தூக்கலா இருக்கே. ஐயாவுக்குப் பிரஷர்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எல்லோரும் இலையைப் பார்த்தோம். வாழை இலையில் இவ்வளவு நரம்பு உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன்.

டீச்சர் கதவோரம் வந்து நின்றார். "தெரியும்மா. ஐயாவுக்கு உப்பு கொறச்சுத் தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றார். தனிக்கிண்ணம் வந்தது. முதலாளி யாரையும் பார்க்காமல் அதை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பெரியம்மா இலையை மூடிவிட்டு எழுந்தார்.

மார்ச் கடைசியில் மில்லில் இருப்பு எடுப்பது வழக்கம். டீச்சர் கையெழுத்துப் போடாததால், வாடகையையாவது நிறுத்திவிட, அந்த வருடம் இருப்பை எடுத்ததோடு இடத்தையே காலி செய்தோம். டீச்சரின் குடோனில் சம்பா நெல் மோட்டுவளை வரை அடுக்கியிருந்தது. லோடுமேன்கள் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி வந்து மில் முற்றத்தில் வெட்டவெளியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டார்கள். நான் பென்சிலோடு நின்றேன். அதே நேரத்தில் முதலாளியின் டிரைவர் வேனைக் கொண்டுவந்து டீச்சர் வாசலில் நிறுத்தினார்.

"ஐயா சாமானெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்கம்மா" என்றார் தரையைப் பார்த்து.

டீச்சர் எழுந்தார். உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். சாய்வு நாற்காலி. இரண்டு கைலி. கண்ணாடிக் கூடு. பிரஷர் பார்க்கிற மெஷின். மாத்திரை டப்பாவைக் கொடுக்கும்போது மட்டும், "வெள்ள மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் பின்னாடி. மாத்திக் குடுத்துடப் போறாங்க, சொல்லிடு தம்பி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழைய செருப்பு ஒண்ணு கெடக்கு சார். வார் அந்தது. அதுவும் கணக்குல வருதா?"

"இல்ல டீச்சர்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மில் மாடி ஜன்னலில் முதலாளி, காதில் கையை வைத்து, போனில் முக்கியமாக யாரிடமோ பேசுகிறவர் மாதிரி நின்றார். அவர் போன் கீழே ஆபீஸ் மேஜையில் சார்ஜில் கிடந்தது.

பங்குனியில் பெய்யக் கூடாத மழை பெய்தது. தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்து, மூட்டைக்கு வெளியே பச்சையாக எட்டிப் பார்த்தது. "லண்டன்காரன்ட்ட கேளுய்யா, மொளச்ச நெல்லுக்கு என்ன விதின்னு" என்று முதலாளி மில் முற்றத்தில் என்னை எல்லோர் முன்னாலும் ஏசினார். அந்த வருடம் முழுக்க அவர் பின்புறம் போகவில்லை. பிரஷர் ஏறியது. டீச்சர் வீட்டுப் பலகாரம்தான் அதற்குக் காரணம் என்று பெரியம்மா ரொம்ப நாளாகச் சொல்லிவந்த சித்தாந்தம் அதோடு பொய்த்தது.

வருடம் முடிந்தது. புது விதிப்படி முதல் கணக்கைச் சரிபார்க்க, துபாய்க்காரர் சார்பில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயது. லேப்டாப், தண்ணீர் பாட்டில், சிரிக்காத முகம். நான் பெருமையாகக் கொடுத்த கணக்கை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "சார், போன வருஷம் எங்க?" என்றாள்.

"போன வருஷம் பழைய விதிம்மா."

"இல்ல சார். புது விதிக்கு மாறும்போது போன வருஷத்தையும் அதே விதிப்படி திருப்பி எழுதிப் பக்கத்துப் பத்தியில காட்டணும். செமினார்ல சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருப்பார்கள். இரண்டாம் நாள் மதியம், மாற்றக் காலம் பற்றிய வகுப்பு. நான் அப்போது வெளியே ஐஸ்கிரீம் வரிசையில் இரண்டாவது முறையாக நின்றுகொண்டிருந்தேன். மார்ச்சோடு முடித்ததெல்லாம் வீண். நாற்காலியைத் தூக்கியது வீண், நெல் முளைத்தது வீண், அவர் மாடியில் நின்று கையோடு பேசியது வீண். போன வருடம் போன வருடமாகவே இருந்தது, அதைக் காலி செய்ய வேன் கிடையாது.

முதலாளியின் அறையில் உட்கார்ந்தோம். குடும்பக் கம்பெனிகளில் மனைவியையும் டைரக்டராகப் போட்டிருப்பார்கள், கையெழுத்துக்கு ஆகும் என்று. பெரியம்மாவும் இருந்தார். அந்தப் பெண் கேட்டாள்: "போன வருஷம் ஒரு லேடிக்கு வாடகை போயிருக்கு. யாரு சார் இவங்க?"

"யாரோ. களம் எடுத்திருந்தோம்" என்றார் முதலாளி.

"மார்க்கெட் வாடகையை விட ஜாஸ்தியா இருக்கே?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பெரியம்மா தொண்டையைச் செருமினார்.

"இவரு வச்சிருந்தவ. முப்பது வருஷமா."

"ஏய், நீ சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? நான் டைரக்டரு. மறைச்சா நானும் உள்ள போவணும்னு இந்தப் பொண்ணு இப்பத்தானே படிச்சுக் காட்டுச்சு." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். குரல் தேனாக இருந்தது. "ஏம்மா, போன வருஷம் வரைக்கும் இருந்தா. இந்த வருஷம் இல்ல. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட முடியுமா?"

"அப்படித்தான் மேடம் போடணும்."

"அப்பப் போடு. நல்லாத் தெரியிற மாதிரி போடு."

"தாசில்தாரு பாத்தா..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"ஆமா, பட்டா மாத்தக் குடுத்த மனுவையே எவரும் படிக்கிறதில்ல. இங்கிலீஷ்ல நோட்டு போட்டதைப் படிச்சுக் கிழிக்கப் போறாங்க!"

பெரியம்மா சொன்னபடியேதான் ஆயிற்று. அறிக்கை அச்சாகி வந்தது, அட்டையில் நெற்கதிர். தாசில்தார் படிக்கவில்லை. கொடிக்காரர்கள் படிக்கவில்லை. துபாயில் பின்குறிப்பு வரைக்கும் யாராவது போனார்களா என்பது சந்தேகம். மார்ச்சுக்கு முன்னால் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும், இதே மாதிரிதான் யாரும் படிக்காமல் கிடந்திருக்கும். நான் இதைக் கணக்குப் போட்டு முதலாளியிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே பிரஷர்.

வாக்குக் கொடுத்திருந்தேனே என்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பின்புறம் போனேன். களத்தையும் குடோனையும் டீச்சர் அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்கு விட்டிருந்தார். நெல் குவியல்களுக்கு நடுவே லோடுமேன்கள். வாசலில் அடுப்பைப் போட்டு அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"புஸ்தகம் வந்துடுச்சு டீச்சர்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பக்கத்தை எடுத்து, வரியில் விரலை வைத்துக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்துத் தன் பெயரைத் தானே கண்டுபிடித்தார். மேலே பெரியம்மா பெயர். விரல் மெதுவாக வலது பக்கம் போனது.

"இந்தக் கட்டத்துல கோடு போட்டிருக்கே?"

"அது இந்த வருஷம். கோடுன்னா இல்லன்னு அர்த்தம்."

"தொகை போட்டிருக்குறது?"

"போன வருஷம்."

அந்தத் தொகையிலிருந்து விரலை எடுக்கவில்லை. வடை கருகியது.

"அவரு பாத்தாரா?"

"கையெழுத்துப் போட்டிருக்காரு டீச்சர்."

"பெரியம்மா?"

"அவங்கதான் போடச் சொன்னாங்க."

"அவங்கதானா" என்றார். கருகிய வடையை எடுத்துத் தூர வீசினார்.

எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியவில்லை. இது சாதாரணப் புத்தகம் இல்லை, இதை இனி யாராலும் அழிக்க முடியாது, உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். நடுவில் ஒரு லோடுமேன் வந்து, "டீச்சரு, நாலு வடை கட்டுங்க" என்றான்.

டீச்சர் புத்தகத்தின் பக்கத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா தாளு வழுக்குது, எண்ணெயை இழுக்காது. அடுத்த வருஷம் சாதாத் தாள்ல போடச் சொல்லுங்க."